பழைய படகு எஞ்சினும் புதிய திரையும்



வேலந்தாவளத்தில் உட்கார்ந்துகொண்டு படகு எஞ்சினைப் பற்றி எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். நம் வடகரப்பதி பஞ்சாயத்தில் கோடை வந்தால் குடிநீருக்கே கவலை. ஆனால் நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று நீர் இருக்கும் இடமெல்லாம் போய்ப் பிழைக்கிறார்கள். என் தங்கை மகன் கொச்சிக் காயலில் ஒரு சிறிய சுற்றுலாப் படகு வைத்திருக்கிறான். அதன் பின்புறம் தொங்குவது 1990களில் செய்யப்பட்ட 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். கார்புரேட்டர் வைத்தது, இரு வீச்சு வகை, பெட்ரோலில் ஓடுவது. எஞ்சின் பழையதே தவிர நல்ல எஞ்சின்.

படகுக்குப் புதிதாக வண்ணத் திரை ஒன்று வாங்கினான். வரைபடம், ஆழம், வேகம் எல்லாம் அதில் தெரியும். எஞ்சினைப் பற்றிய விவரம் மட்டும் தெரியவில்லை. "மாமா, நீங்க நாற்பது வருஷம் ரயில் எஞ்சினோட பழகினவர். இந்தக் கிழட்டு எஞ்சினையும் அந்தப் புதுத் திரையையும் பேச வைக்க முடியுமா?" என்று போனில் கேட்டான். "பொறு மாப்ளே, நேரில் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

போனேன், இணைத்தேன், ஒரு பெரிய தவறும் செய்தேன். அந்தத் தவறுதான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது. எலெக்ட்ரிகல், மெக்கானிகல், ஆட்டோமொபைல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது படகையும் தாண்டிப் பயன்படும்.

1. பழைய எஞ்சின் எப்படிப் பேசுகிறது?

பழைய எஞ்சினில் கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் அது ஊமை அல்ல. தன் நிலையை மூன்று விதமாகச் சொல்கிறது.

முதலாவது, துடிப்பு. எஞ்சின் தலையில் சுழலும் பறக்கும் சக்கரத்தின் உட்புறம் காந்தங்கள் உள்ளன. அவை கம்பிச் சுருள்களைக் கடக்கும்போது மாறுமின்சாரம் பிறக்கிறது. பேட்டரி சார்ஜ் ஆவது இதனால்தான். இதே மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டு. காந்த முனைகளின் எண்ணிக்கையில் பாதி. 12 முனை இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு, 10 முனை இருந்தால் 5. பழைய முள் டாக்கோமீட்டர் இந்தத் துடிப்பை எண்ணித்தான் சுழற்சி வேகத்தைக் காட்டியது.

இரண்டாவது, மின்தடை. பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை உண்டு. அது மேலும் கீழும் போகும்போது அதனுடன் இணைந்த தடை மாறுகிறது. எத்தனை ஓம் என்று அளந்தால் எவ்வளவு எரிபொருள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, சுவிட்ச். பல பழைய இரு வீச்சு எஞ்சின்களில் வெப்பத்தை டிகிரியில் சொல்லும் கருவி கிடையாது. எல்லை மீறிச் சூடானால் மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்ச் மட்டும் இருக்கும். அது மூடினால் ஹாரன் அலறும். அத்தகைய எஞ்சினை எவ்வளவு விலையுயர்ந்த திரையோடு இணைத்தாலும் "68 டிகிரி" என்று காட்டாது. "சூடு" அல்லது "சூடில்லை" என்ற இரண்டே வார்த்தைதான் அதற்குத் தெரியும். வேறு உணர்கருவி பொருத்தினால்தான் மூன்றாவது வார்த்தை.

ஆக, முதல் வேலை திரையை வாங்குவது அல்ல. எஞ்சினின் கையேட்டை எடுத்து, அது எதையெல்லாம் சொல்லக்கூடியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது.

2. புதிய திரை எந்தப் பாதையில் கேட்கிறது?

படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983ல் ஒரு பொது விதியைக் கொண்டுவந்தது. அதன் பெயர் என்.எம்.இ.ஏ. 0183. நொடிக்கு 4,800 பிட் வேகம். ஒருவர் பேச மற்றவர் கேட்கும் முறை. அதற்குப் பின் வந்ததுதான் இன்றைய திரைகளில் உள்ள என்.எம்.இ.ஏ. 2000. இதன் வேகம் நொடிக்கு 2,50,000 பிட், அதாவது ஐம்பது மடங்குக்கும் மேல். இதன் அடிப்படை புதிதல்ல. 1986ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்காக வெளியிட்ட 'கான்' முறையே இதற்கும் அடித்தளம். உங்கள் வீட்டுக் காரிலும் அதே முறைதான் ஓடுகிறது.

ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு இதை ரயில் பாதையாகப் பார்த்தால்தான் புரியும். படகின் நீளத்துக்கு ஒரு முதன்மைக் கேபிள் போகிறது. அது மெயின் லைன். ஒவ்வொரு கருவிக்கும் 'டி' வடிவ இணைப்பிலிருந்து ஒரு கிளை பிரிகிறது. அது சைடிங். ஒரு சைடிங் 6 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. மொத்தம் 50 கருவிகள் வரை இணைக்கலாம்.

ஒரே பாதையில் எல்லோரும் செய்தி அனுப்பினால் மோதாதா? மோதாது. ஒவ்வொரு செய்திக்கும் வண்டி எண் போல ஓர் எண் உண்டு. எஞ்சின் சுழற்சி வேகம் 127488 என்ற எண்ணில் போகிறது. எஞ்சின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், எரிபொருள் செலவு எல்லாம் 127489ல். டேங்க் அளவு 127505ல். இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் புறப்பட்டால் முன்னுரிமை உள்ளது போகும், மற்றது நிற்கும். எக்ஸ்பிரஸுக்காகப் பாசஞ்சரை லூப் லைனில் நிறுத்துவதில்லையா, அதுபோல.

மெயின் லைனின் இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் தடை ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் செய்தி முனையில் முட்டித் திரும்பி வந்து, பின்னால் வரும் செய்தியைக் கெடுக்கும்.

3. எல்லைக்காரனின் வேலை

எஞ்சின் துடிப்பிலும் ஓமிலும் பேசுகிறது. திரை எண்ணிட்ட செய்தியில் கேட்கிறது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்கென்று மாற்றிப்பெட்டிகள் கிடைக்கின்றன. ஆக்டிசென்ஸ் நிறுவனத்தின் இ.எம்.யு.-1 இந்த வகையில் ஒன்று. பழைய முள் அளவிகளுக்குப் போகும் கம்பிகளை வாங்கி, என்.எம்.இ.ஏ. 2000 செய்திகளாக மாற்றித் தரும்.

வேலந்தாவளத்துக்காரர்களுக்கு இந்தப் பெட்டியை விளக்கவே வேண்டாம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ். பெரியவர்களைத் தாலுகா ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப்போய், ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் சொல்வது நம் பிள்ளைகளின் தினசரி வேலை. பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டால் பாட்டிக்கு மாத்திரை மாறிவிடும். சொன்னவர் மேலும் குற்றமில்லை, கேட்டவர் மேலும் குற்றமில்லை. இந்தப் பெட்டியும் அப்படித்தான். எஞ்சின் பொய் சொல்லாது. திரை பொய் சொல்லாது. நடுவில் உள்ள பெட்டிக்கு நாம் தவறாகச் சொல்லிக் கொடுத்தால், பொய் அழகான எழுத்தில், வண்ணத்தில் திரையில் வந்து நிற்கும்.

4. இணைக்கும் வரிசை

(அ) பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். எஞ்சின் ஓடும்போது ஒருநாளும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். ரெக்டிஃபயர் கருகிவிடும்.

(ஆ) முதன்மைக் கேபிளை விரித்து, இரு முனைகளிலும் 120 ஓம் தடைகளைப் பொருத்துங்கள். மல்டிமீட்டரில் வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் அளவில் வரவேண்டும். 120 வந்தால் ஒரு முனைத் தடை இல்லை. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனை பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும். அளக்கும்போது மின்சாரம் இருக்கக்கூடாது.

(இ) கேபிளில் சிவப்பும் கறுப்பும் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. இதை ஒரே இடத்தில், தனி ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள். உறைக் கம்பியையும் ஒரே இடத்தில்தான் பூமி இணைப்பில் சேர்க்க வேண்டும்.

(ஈ) பழைய டாக்கோமீட்டருக்குப் போகும் துடிப்புக் கம்பியை மாற்றிப்பெட்டிக்குக் கொடுங்கள். எந்த நிறக் கம்பி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டைப் பார்க்காமல் நிறத்தை நம்பாதீர்கள். ஸ்பார்க் பிளக் கம்பிகளுக்குப் பக்கத்தில் இதை ஓட்டாதீர்கள். தீப்பொறியின் இரைச்சல் துடிப்போடு கலந்து முள் துள்ளும்.

(உ) டேங்க் மிதவையின் கம்பியைப் பெட்டிக்குக் கொடுங்கள். ஒரே மிதவையைப் பழைய முள் அளவியும் புதிய பெட்டியும் பங்கிட்டால் அளவு மாறக்கூடும். பெட்டியின் கையேடு அனுமதிக்கும் முறையில் மட்டும் செய்யுங்கள்.

(ஊ) எரிபொருள் செலவு தெரியவேண்டுமானால் தனியாக ஓர் ஓட்ட அளவி வேண்டும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெட்ரோல் குழாயில் அதைப் பொருத்துவார்கள்.

(எ) கடைசியாக, பெட்டிக்குள் அமைப்பைப் பதிய வேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு? மிதவை எந்த வகை? இதுதான் பாடத்தின் உயிர். நான் தவறியதும் இங்கேதான்.

5. ரயிலில் கற்றது

நான் 1980ல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தேன். 2020ல் ஓய்வு பெற்றேன். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின்களில் புதிய மின்னணு வேகமானிகளைப் பொருத்திய காலத்தில் நான் இருந்தேன். அச்சு ஒரு முறை சுற்றினால் இத்தனை துடிப்பு. அதை எண்ணி, சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கித்தான் வேகம் தெரியும். புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். தேய்ந்து, கடைந்து, கடைசி எல்லைக்கு வரும்போது 1,016. சக்கரம் 1,016 ஆகி, வேகமானியில் 1,092 என்றே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வண்டி உண்மையில் 100 கிலோமீட்டரில் போகும்போது கருவி 107 என்று காட்டும். டிரைவர் பாவம், வேகத்தைக் குறைப்பார், வண்டி தாமதமாகும். நேர்மாறாக, பழைய சக்கரத்தின் அளவை வைத்துக்கொண்டு புதுச் சக்கரம் மாட்டினால் கருவி குறைத்துக் காட்டும். டிரைவர் தெரியாமலே வேக எல்லையைத் தாண்டுவார். தாமதத்துக்கு விளக்கம் எழுதலாம். இரண்டாவதற்கு எழுதமுடியாது.

இதை எத்தனையோ பயிற்சிப் பையன்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்.

6. நான் செய்த தவறு

தங்கை மகன் படகில் சுழற்சி வேகத்தைச் சரியாகப் பதிந்தேன். 12 முனைக் காந்தம், 6 துடிப்பு. ஒளி டாக்கோமீட்டரைப் பறக்கும் சக்கரத்துக்கு நேரே காட்டிச் சரிபார்த்தும்விட்டேன். மனம் நிறைந்துவிட்டது. டேங்க் மிதவைக்கு வந்தபோது மாலை ஆகிவிட்டது.

மிதவைகளில் உலகில் இரண்டு வழக்கம் உண்டு. அமெரிக்க வகையில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்ததற்கு 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலிக்கு 10 ஓம், நிறைந்ததற்கு 180 ஓம். ஒன்றில் எரிபொருள் ஏற ஏறத் தடை குறையும். மற்றதில் ஏற ஏறத் தடை கூடும். அவன் படகில் இருந்தது ஐரோப்பிய வகை. நான் பெட்டியில் பதிந்தது அமெரிக்க வகை.

அன்று டேங்கில் சரியாகப் பாதி இருந்தது. பாதிக்கு மிதவை சுமார் 95 ஓம் சொல்லும். அமெரிக்கக் கணக்கில் 95 ஓம் என்றால் 70 சதவீதம். திரையில் 70 என்று வந்தது. "முக்கால் கிட்ட இருக்கு மாமா, சரியாத்தான் இருக்கும்" என்றான். நானும் தலையை ஆட்டினேன். திரையில் காலி என்றோ நிறைவு என்றோ வந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். நம்பும்படியான பொய்யாக அது இருந்ததால் தப்பித்துக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாடகை இல்லை. மனைவியையும் நான்கு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு வைப்பின் பக்கம் போனான். போகப் போக டேங்க் அளவு 80, 90 என்று ஏறியது. அலையில் பெட்ரோல் தளும்புகிறது என்று நினைத்தானாம். திரை 100 காட்டிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமி நின்றது. வற்று நேரம். காயல் நீர் ஃபோர்ட் கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இழுக்கும் நேரம். அது பெரிய கப்பல்கள் வரும் வழியும்கூட. நல்லவேளை, நங்கூரம் போட்டதும் பிடித்தது. மூவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த ஒரு வள்ளக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார். கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. "டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கிறதில்லையா?" என்று மட்டும் மலையாளத்தில் கேட்டாராம்.

தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அண்ணா, குழந்தை பயந்துட்டா" என்றாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

7. சரிபார்க்கும் முறை

அதன்பின் நான் எழுதி, படகில் ஒட்டிவைத்த விதிகள் இவை.

ஒரே ஒரு புள்ளியில் சரியாக இருப்பது சரிபார்ப்பு ஆகாது. குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். டேங்கைக் காலி செய்து ஒரு முறை, நிரப்பி ஒரு முறை திரையைப் பாருங்கள். நடுவில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பல படகு டேங்குகள் அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். பாதி உயரம் என்பது பாதி அளவு அல்ல.

சுழற்சி வேகத்தை மெதுவான ஓட்டத்திலும் முழு வேகத்திலும் தனிக் கருவியால் ஒப்பிடுங்கள். திடீரென்று திரையில் சுழற்சி வேகம் சுழியாகிவிட்டால் பெட்டியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். சார்ஜ் ஆகும் சுருளோ ரெக்டிஃபயரோ போயிருக்கலாம். துடிப்பு பிறப்பதே அங்குதான்.

ஓட்ட அளவியை பங்க் ரசீதோடு ஒப்பிடுங்கள். திரை 18 லிட்டர் செலவு என்கிறது. மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்ப 20 லிட்டர் பிடித்தது என்றால், திருத்தப் பெருக்கெண் 20ஐ 18ஆல் வகுத்தது, அதாவது 1.11. இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

பழைய சாட்சிகளைத் துரத்தாதீர்கள். அளவுக்குச்சி படகிலேயே இருக்கட்டும். எஞ்சினின் பக்கத்தில் பீய்ச்சும் சிறு நீர்த்தாரைதான் குளிர்நீர் ஓடுகிறது என்பதற்கு முதல் அடையாளம். ஹாரனைக் கழற்றாதீர்கள். திரை இருக்கிறதே என்று இவற்றை நிறுத்துவது, சிக்னல் இருக்கிறதே என்று டிரைவர் கண்ணை மூடுவதற்குச் சமம்.

8. மீனவர் எஞ்சின்களுக்கு இது பொருந்துமா?

கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் 1980களில் பரவிய மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின்களில் பல, கயிறு இழுத்துக் கிளப்புபவை. பேட்டரியே இருக்காது. 12 வோல்ட் இல்லாமல் இந்த வலையமைப்பு உயிர் பெறாது. சார்ஜ் சுருள் இருந்தாலும் கிடைப்பது சில ஆம்பியர்தான். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் திரை தின்றுவிடக்கூடாது. ஓட்ட அளவி வாங்கும்போதும் அது மண்ணெண்ணெய்க்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். இப்படிப்பட்ட படகுக்கு எஞ்சின் திரையைவிட ஒரு நல்ல வி.எச்.எஃப். வாக்கிடாக்கியும் அளவுக்குச்சியும் அதிகப் பயன் தரும். 2018 வெள்ளத்தில் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றி வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். அன்று அவர்களுக்குத் துணையாக இருந்தது எஞ்சினின் சத்தத்தை அறிந்த காதும், டேங்கின் எடையை அறிந்த கையும்.

பழையதைப் புதியதோடு சேர்ப்பது நல்ல வேலை. செலவு மிச்சம், எஞ்சினுக்கும் ஆயுள் கூடும். ஆனால் திரையில் ஒரு எண் தோன்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அந்த எண் உண்மை என்று வேறொரு வழியில் தெரிந்துகொண்ட பிறகுதான் வேலை முடிகிறது. இப்போது அந்தப் படகில் மிதவை ஐரோப்பிய வகையாகப் பதியப்பட்டிருக்கிறது. காலியிலும் நிறைவிலும் நானே நின்று பார்த்தேன். குச்சியும் இருக்கிறது. புறப்படும் முன் அதை டேங்கில் விட்டுப் பார்ப்பது இப்போது அந்தக் குழந்தையின் வேலை.

பயிற்சிக் கணக்குகள்

1. 10 முனைக் காந்தம் உள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்று ஓடுகிறது. நொடிக்கு எத்தனை துடிப்பு?

2. எஞ்சின் ஒரு சுற்றுக்கு 5 துடிப்பு தருகிறது. பெட்டியில் 6 என்று பதிந்துவிட்டார்கள். திரை 4,500 காட்டும்போது உண்மையான சுழற்சி என்ன? எஞ்சினுக்கு 5,500க்கு மேல் கூடாது என்றால், திரை எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து?

3. ஐரோப்பிய வகை மிதவையின் கம்பி முனையில் உப்பு பூத்து 17 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது. திரை எரிபொருளைக் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? எத்தனை சதவீதம்?

விடைகள்: 1. 400 துடிப்பு. 2. உண்மையில் 5,400, திரை ஏறக்குறைய 4,580ஐத் தாண்டினாலே ஆபத்து. 3. கூட்டிக் காட்டும், 10 சதவீதம். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை கம்பி முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.